சோதனையும் வாணிகமும்: தென்னிந்தியத் தொழிலாய்வில் அரசின் பங்கு (1898–1948)

முன்னுரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், அல்சூருக்கு அண்மையில், பழைய சென்னைச் சாலைப் பக்கமாக அமைந்துள்ளது மர்பி டவுன். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடியிருப்பு இது. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இவ்விடம், பெங்களூர்க் குடிமை, இராணுவ நிலையத்தின் நிர்வாகப் பொறியாளராக இருந்த மர்பியின் பெயரைப் பின்னர் ஏற்றது. 1881ஆம் ஆண்டு மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டபோது, பெங்களூரின் கண்டோன்மெண்ட் பகுதி மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டு, ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆளுகையில் வைக்கப்பட்டது. 1947 சூலை 26 வரை அது அவ்வாறே நீடித்தது. எனவே மர்பி டவுனில் வாழ்ந்த தமிழர், மைசூர் நாட்டின் நடுவில் இருந்தும் மைசூர் அரசின் ஆணைக்கு உட்படாதவராயினர்.

இந்த எல்லைக்கோடு நிலவரி, காவல், நீதி ஆகியவற்றோடு நின்றதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தொழிலாய்வின் வரலாற்றை நோக்கின், அது அவ்வளவில் நிற்கவில்லை என்பது புலனாகும். தொழில் செய்வோர் புதிய முறைகளைக் கண்டறிய அரசு பொருளுதவி செய்யலாமா? செய்யின் எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்குக் கோட்டின் ஒருபுறம் ஆங்கில இந்தியா ஒரு விடையையும், மறுபுறம் மைசூர் மற்றொரு விடையையும் தந்தன. இரு விடைகளும் ஒரே மனிதரின் பணியைச் சுற்றி அமைந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அப்பொறியாளரின் சோதனைகளைத் தொடக்கமாகக் கொண்டு, அவ்விரு விடைகளும் உருவான வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

அலுமினியப் பாத்திரங்கள்

சாட்டர்டன் 1880களின் இறுதியில் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். 1898ஆம் ஆண்டு, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை அரசின் இசைவோடு தொடங்கினார். அக்காலத்தில் அலுமினியம் இந்தியாவில் பிரித்தெடுக்கப்படவில்லை. தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கன்னாரின் கைத்திறனை இந்தப் புதிய உலோகத்திற்குத் திருப்புவதே சோதனையின் நோக்கம்.

இதில் அறிவியல் கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்று சிலர் கருதக்கூடும். ஆனால் ஒரு பொருள் இந்த மண்ணில் செய்யத்தக்கதா, செய்தால் விலைபோகுமா, எந்தக் கைவினைஞர் அதைச் செய்வர் என்பவை ஆய்வுக்கூடத்தில் விடை காணக்கூடிய வினாக்கள் அல்ல. பட்டறை வைத்து, செய்து, விற்றுப் பார்த்தே அறியவேண்டியவை. சாட்டர்டன் செய்தது அதுதான். 1903இல் இந்தத் தொழிற்பிரிவு இந்திய அலுமினியக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அரசு தொடங்கி, நட்ட அச்சத்தைத் தான் சுமந்து, தொழில் நிலைபெற்றதும் விலகிக்கொண்டது. பிற்கால அலுவலர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டது இந்த முதல் முயற்சியையே. அதன் எளிய வெற்றி அவர்களைச் சற்று மயக்கியது என்றும் சொல்லவேண்டும். ஏனைய தொழில்கள் இவ்வளவு எளிதில் கைமாறவில்லை.

தோலும் கமலையும்

1903ஆம் ஆண்டிலேயே சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். இதன் பின்னணியைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

தமிழகத்தில் தோல் பதனிடுதல் தொன்மையான தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதன் அடிப்படைப் பொருள்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதி பெருகியபோது சென்னைப் பெரியமேடு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய இடங்களில் பதனிடும் தொட்டிகள் பெருகின. முதலீடும் வாணிகமும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகரிடம் இருந்தன. தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஏற்றுமதியானது முழுமையாக முடிக்கப்பெற்ற தோலன்று; இடைப்பதத்தில் நின்ற தோல். அதற்கு இறுதி மெருகேற்றி இலாபம் ஈட்டியோர் கடலுக்கு அப்பால் இருந்தனர்.

1880களில் அமெரிக்காவில் குரோம் உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறை நடைமுறைக்கு வந்தது. பட்டைச் சாற்றில் பல வாரங்கள் கிடக்கவேண்டிய தோல், குரோம் கரைசலில் சில நாட்களில் பதமாகியது. அதன் விளைவு சென்னையை வந்து தாக்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு இடைப்பதத் தோல் தேவைப்படவில்லை, பச்சைத்தோலே போதும். ஆகவே வெள்ளாட்டுத் தோல்கள் பதனிடப்படாமலே கப்பலேறின. தொட்டிகளில் வேலை குறைந்தது. ஆம்பூர் வணிகர் ஒருவர் தனியே முயன்று குரோம் முறையைக் கற்றிருக்க முடியுமா? வேதிப்பொருள்களின் அளவு, நீரின் தன்மை, எந்திரங்கள், வெப்பமான தட்பவெப்பத்தில் கரைசல் நடந்துகொள்ளும் முறை ஆகியவை அனைத்தும் அறியப்படாதவை. தவறு நேர்ந்தால் ஒரு கொள்முதல் முழுவதும் பாழாகும். அவர் கற்று முடித்தபின், அண்டைவீட்டார் செலவின்றி அதைப் பார்த்துக்கொள்வர். முதலில் முயல்பவன் நட்டம் முழுவதையும் ஏற்று, ஆதாயத்தைப் பலரோடு பங்கிடவேண்டிய இத்தகைய இடத்தில்தான் அரசு நுழைய வேண்டும் என்பது இன்றைய பொருளியல் நூல்களில் காணும் வாதம். 1903இல் சென்னையில் அவ்வாதம் கோட்பாடாக எழுதப்படும் முன்பே செயலாக நடந்தது.

சாட்டர்டன் தேர்ந்த முதற்பயன்பாடும் கருதத்தக்கது. அவர் ஏற்றுமதிச் சந்தையை நாடவில்லை. உழவரின் கமலையை நாடினார். மாடுகளைச் சரிவில் இறக்கிக் கிணற்றுநீர் இறைக்கும் கமலையில், சாலோடு இணைந்த தோல் நாள்தோறும் நனைந்து உலர்ந்து விரைவில் இற்றுப்போகும். குரோம் தோல் நீரில் நெடுநாள் தாங்கும். நகரத்தின் ஆய்வு கிராமத்துக் கிணற்றில் சோதிக்கப்பட்டது. செருப்பு, மிதியடி ஆகியவற்றுக்கும் அத்தோல் பயன்பட்டது. தொழிற்சாலை நாளடைவில் சென்னையின் வடபுறத்துச் செம்பியத்திற்கு மாற்றப்பட்டு, வாணிக அளவை எட்டியது. கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சினும் மைய விலக்கு இறைப்பியும் பொருத்திக் காட்டும் பணியையும் சாட்டர்டன் இதே ஆண்டுகளில் மேற்கொண்டார். ஒரு கையால் கமலையைச் செப்பம் செய்துகொண்டே மறுகையால் கமலைக்கு மாற்றையும் அவர் கொண்டுவந்தார் என்பது வரலாற்றின் சுவையான முரண்.

சேலம், உதகை, தூத்துக்குடி

1906இல் சேலத்தில் அரசின் நெசவுச் சோதனைச்சாலை தொடங்கப்பெற்றது. விசைநாடாத் தறியைக் கொண்டு, நெசவாளரை ஒரே கூரையின்கீழ் அமர்த்திப் பணிசெய்விப்பது திட்டம். இங்குச் சோதனை மனிதரிடம் முட்டியது. வீட்டில் குடும்பத்தோடு, தம் நேரத்திற்கேற்ப நெய்து பழகியவர்கள், மணியடித்தால் வந்து மணியடித்தால் போகும் ஒழுங்குக்கு எளிதில் இசையவில்லை. இதனை நெசவாளரின் சோம்பல் என்று காண்பது அக்கால அலுவலர் சிலரின் பார்வை. அது பொருந்தாது. விசைநாடா என்னும் கருவி மாகாணத்தின் பல பகுதிகளில் நெசவாளர் வீடுகளுக்குள் பரவிற்று. அவர்கள் மறுத்தது கருவியையன்று, கூடத்தை. சோதனையின் விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாக அமைந்தபோதும் அதிலிருந்து கற்கத்தக்கது இருந்தது.

1908இல் உதகமண்டலத்தில், ஆளுநர் ஆர்தர் லாலியின் ஆட்சியில், தொழில் மாநாடு ஒன்று கூடியது. அதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் தனித் தொழில்துறை அமைந்து, சாட்டர்டன் அதன் இயக்குநரானார். ஆனால் அதே 1908ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு இதனைப் படிக்க இயலாது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 1908 மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார். சூலையில் அவருக்குத் தண்டனை வழங்கப்பட்டது. தமிழர் தம் பணத்தில் தொடங்கிய கப்பல் தொழிலை ஒடுக்கிய அரசும், அரசின் பணத்தில் தோல் தொழிற்சாலை நடத்திய அரசும் ஒன்றே. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது, சென்னை அரசின் தொழிலார்வம் சுதேசி உணர்வைத் தன் பக்கம் ஈர்த்துக்கொள்ளும் நோக்கையும் ஓரளவு கொண்டிருந்தது எனக் கருத இடமுண்டு. எனினும் சாட்டர்டனின் முயற்சிகள் சுதேசி அலைக்கு முன்னரே தொடங்கியவை என்பதையும் மறத்தலாகாது.

மார்லியின் கோடு

எதிர்ப்பு வந்த திசை எதிர்பாராதது. சென்னையின் ஐரோப்பிய வணிகர் அமைப்புகள் அரசின் தொழிற்சாலைகளைக் கண்டித்தன. வரிப்பணத்தைக் கொண்டு அரசு தனியாரோடு போட்டியிடுகிறது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நேர்மை இல்லாமல் இல்லை. ஆனால் குரோம் தோலில் போட்டியிடத் தனியார் பெரிதாக எவரும் அன்று களத்தில் இல்லை. இந்தியர் கையில் தொழில் வளர்வதைக் குறித்த அச்சமே அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

இலண்டனில் இந்தியச் செயலராக இருந்தவர் ஜான் மார்லி. தாராளக் கட்சியினர், தடையற்ற வாணிகத்தின் தலைமகனாகப் போற்றப்பட்ட ரிச்சர்டு காப்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். 1910 சூலை 29ஆம் நாளிட்ட மடலில் அவர் சென்னை அரசின் போக்கை ஏற்க மறுத்தார். உற்பத்தி முறைகளில் நேர்ந்துள்ள மேம்பாடுகளை மக்களுக்கு அறிமுகப்படுத்த அரசுப் பணத்தைச் செலவிடலாம். அதற்கு அப்பால் சென்று வாணிக முயற்சியில் ஈடுபடலாகாது என்பது அவர் முடிவின் சாரம். சென்னைத் தொழில்துறை கலைந்தது. சேலம் நெசவுச்சாலை மூடப்பட்டது. குரோம் தோல் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்திற்கு விற்கப்பட்டது.

மார்லி இட்ட கோடு, காட்டுதலுக்கும் விற்றலுக்கும் இடையிலானது. தாளில் அது தெளிவான கோடு. தொட்டியருகே அத்தெளிவு இல்லை. குரோம் தோல் இங்கு ஆகும் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுத் தோல் போதாது. நூறு கமலைகளில் அது உழைக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், வாங்கியவர் மீண்டும் வந்து கேட்க வேண்டும். அதாவது, விற்காமல் காட்ட இயலாது. சாட்டர்டன் 1912இல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் தொழில் மலர்ச்சியைப் பற்றித் தம் பட்டறிவைத் தொகுத்தளித்தார்.

மார்லியின் வினா முதுமையடையவில்லை என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் நிறுவனங்களின் ஆய்வுச் செலவுக்கு அளிக்கப்பட்ட வருமானவரிக் கழிவு, 2010ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 200 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, 2017–18 முதல் 150 ஆகவும் 2020–21 முதல் 100 ஆகவும் குறைக்கப்பட்டது. 2025 சூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒரு இலட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஆய்வு, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தொடக்கநிலை ஆய்வைக் கடந்து சந்தையை நோக்கி நகரும் முயற்சிகளுக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும் வழங்குவது அதன் நோக்கம். மார்லி எந்த இடத்தில் அரசின் கையைத் தடுத்தாரோ, ஏறத்தாழ அந்த இடத்திலிருந்துதான் இத்திட்டம் தொடங்குகிறது.

சந்தனம்

சென்னையில் தடைப்பட்ட சாட்டர்டன் 1912இல் மைசூர் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா திவானானார். 1911இல் மைசூர்ப் பொருளியல் மாநாடு தொடங்கியிருந்தது; 1913இல் தொழில், வாணிகத் துறையும் மைசூர் வங்கியும் தோன்றின. சாட்டர்டன் அத்துறையின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். இலண்டன் மடல்கள் மைசூர் திவானை நேராகக் கட்டுப்படுத்துவன அல்ல.

மைசூருக்குச் சென்னைக்கு இல்லாத ஒரு வாய்ப்பும் இருந்தது. ஜம்சேட்ஜி டாட்டா 1898இல் தம் செல்வத்தின் ஒரு பகுதியை ஆய்வு நிறுவனத்திற்கென ஒதுக்க முன்வந்தார். 1904இல் அவர் மறைந்தபின் 1909இல் இந்திய அறிவியல் நிறுவனம் சட்ட வடிவம் பெற்றது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும், கட்டடச் செலவுக்கு ஐந்து இலட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் ரூபாயும் அளித்தது. 1911இல் மாணவர் சேர்க்கப்பட்டனர்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. மைசூர்க் காடுகளின் சந்தனமரம் திப்பு சுல்தான் காலம் முதலே அரசின் தனியுரிமை. மரம் ஏலத்தில் விற்கப்பட்டு, பெருமளவு ஜெர்மனிக்குச் சென்று, அங்குத் தைலமாக வடிக்கப்பட்டது. போர் அச்சந்தையை ஒரே நாளில் மூடிவிட்டது. கட்டைகள் கிடங்கில் தேங்கின. அரசின் வருவாய் அடிபட்டது. இங்கும் தோலின் கதையே மீண்டும் நிகழ்ந்துள்ளமை காண்க. பச்சைப்பொருள் இங்கு, மெருகு அங்கு.

சாட்டர்டன் அறிவியல் நிறுவனத்தை நாடினார். அங்குப் பேராசிரியர்களாக இருந்த சட்பரோவும் வாட்சனும் நீராவி வடிப்பு முறையில் சந்தனத் தைலம் எடுக்கும் முறையை ஆய்ந்தனர். சந்தனத் தைலம் மருந்துக்கும் நறுமணப் பொருளுக்கும் வேண்டப்படுவது. அதன் மதிப்பு சாண்டலால் என்னும் உட்பொருளின் அளவைப் பொறுத்தது. கட்டையைத் தூளாக்கும் அளவு, நீராவியின் அழுத்தம், வடிப்பின் கால அளவு ஆகியவை அனைத்தும் அந்த உட்பொருளைத் தீர்மானிப்பன. தைலம் வடித்தல் இந்தியருக்குப் புதிதன்று. புதியது, ஐரோப்பியச் சந்தை கேட்கும் தரத்தை ஒவ்வொரு வடிப்பிலும் மாறாமல் தருவதாகும். ஆய்வுக்கூடச் சோதனை முடிந்ததும் பெங்களூரில் 1916இல் அரசின் சந்தனத் தைலத் தொழிற்சாலை தொடங்கியது. மைசூர் நகரில் 1917இல் மற்றொன்று எழுந்தது. தொடர்ந்து சோப்புத் தொழிற்சாலையும் அமைந்தது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற சோசலே கரளபுரி சாஸ்திரி என்னும் வேதியியலறிஞர் மைசூர்ச் சந்தன சோப்பை உருவாக்கினார். அது இன்றும் கருநாடக அரசு நிறுவனத்தின் பொருளாக விற்பனையில் உள்ளது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று. தைலத் தொழிற்சாலையைத் தனியாருக்கு விற்றுவிட்டு விலகும் எண்ணம் மைசூருக்கு எழவில்லை. மரம் அரசுடையது, ஆய்வு அரசின் துணையால் நடந்தது, ஆலையும் அரசினுடையது. சென்னையில் அரசு தொடங்கிக் கைமாற்றும் முறையே இலட்சியமாகக் கொள்ளப்பட்டது. மைசூரில் அரசே தொழில் முதல்வராயிற்று. இதன் வலிமை வெளிப்படை. வலுவின்மையும் உண்டு. சந்தன மரத்தைத் தாக்கிய கூர்முனை நோய் பற்றி மைசூர் அரசும் அறிவியல் நிறுவனமும் பல ஆண்டுகள் ஆய்வு நிகழ்த்தின. முழுத் தீர்வு கிட்டவில்லை. மரத்தின் தனியுரிமை காரணமாக உழவர் தம் நிலத்தில் சந்தனம் வளர்க்க ஆர்வம் காட்டவில்லை. தைலத்தை ஆய்ந்த அளவு மரத்தை வளர்ப்போரின் நலனை அரசு ஆயவில்லை என்பது இத்தொழில் வரலாற்றின் குறையாகும்.

கோட்டின் இருபுறமும்

மர்பி டவுன் இச்சித்திரத்தில் எங்கு நிற்கிறது? அறிவியல் நிறுவனம் நகரின் வடமேற்கில், மைசூர் அரசு அளித்த நிலத்தில் எழுந்தது. தைல ஆலையும் மைசூர் அரசினுடையது. நாக்ஸ்பேட்டையும் அல்சூரும் ரெசிடெண்டின் எல்லைக்குள் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மாட்டுவண்டியில் சில மணி நேரப் பயணமே. எனினும் பொருளியல் மாநாட்டின் தீர்மானங்கள், மைசூர்த் தொழில்துறையின் உதவிகள் ஆகியவை கோட்டருகே நின்றுவிட்டன. கோட்டுக்கு இப்புறம் இருந்த ஆட்சி, படையின் தேவைக்காக அமைந்த ஆட்சி. அதற்குச் சாலை வேண்டும், குடிநீர் வேண்டும், 1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு நலவாழ்வுக்குரிய குடியிருப்பு வேண்டும். தொழிலாய்வு அதன் கடமைகளில் இல்லை.

ஆயின் உழைப்பு கோட்டைக் கடந்தது. சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து படைத்துறைப் பணிகளுக்கும் கட்டட வேலைக்கும் வீட்டுப்பணிக்கும் வந்து குடியேறிய தமிழர், நகரம் விரிந்தபோது எல்லை பாராமல் வேலை தேடினர். அரசின் பொருளுதவி அவர்கள் குடியிருப்புக்கு வரவில்லை. அவர்கள் அதன் பயன் விளைந்த இடத்திற்குச் சென்றனர். அலுவல் அறிக்கைகளில் திவான், இயக்குநர், பேராசிரியர் ஆகியோர் பெயர்கள் விளங்குகின்றன. தொட்டியில் தோலைப் புரட்டியவர், கட்டையைத் தூளாக்கியவர், கொதிகலனுக்கு விறகிட்டவர் எண்ணிக்கைகளாக மட்டுமே தோன்றுவர். ஆய்வின் வெற்றி அவர்தம் கைப்பழக்கத்தையும் சார்ந்திருந்தது என்பதை அலுமினியச் சோதனையில் கன்னாரின் பங்கும் சேலத்து நெசவாளரின் மறுப்பும் உணர்த்துகின்றன.

1940 திசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் பங்கேற்போடு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அப்போது திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். அல்சூருக்கும் கிழக்கே அமைந்த இந்த ஆலை, மர்பி டவுனின் பக்கத்துக்கே வந்துவிட்டது எனலாம். போர் நெருங்கியதால் 1942இல் இந்திய அரசு அதன் மேலாண்மையை ஏற்றது. அதே ஆண்டு இறுதியில் அறிவியல் நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பிரிவு தோன்றியது. அதனை உருவாக்கிய வி.எம். காட்கே பின்னர் விமானத் தொழிற்சாலைக்குச் சென்று வடிவமைத்த எச்.டி.2 என்னும் பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. தைலத்தில் தொடங்கிய ஆய்வுக்கூட–ஆலை உறவு, விமானத்தில் தொடர்ந்தது.

முதலியாரும் நிதியும்

1916இல் தாமசு ஹாலந்து தலைமையில் இந்தியத் தொழில் ஆணையம் அமைக்கப்பட்டபோது சாட்டர்டனும் அதில் உறுப்பினரானார். மார்லியின் கோட்டை அந்த ஆணையம் 1918இல் பெரிதும் அழித்தது. மாகாணந்தோறும் தொழில்துறை அமையவும், தொழிலுக்கு அரசு தொழில்நுட்ப உதவி வழங்கவும் பரிந்துரைத்தது. மதன்மோகன் மாளவியா தனிக்குறிப்பு ஒன்றை இணைத்தார். சென்னை, 1922இல் தொழில்களுக்கு அரசுதவி அளிக்கும் சட்டத்தை இயற்றி ஏனைய மாகாணங்களுக்கு முன்னோடியாயிற்று.

அனைத்திந்திய அளவில் ஆய்வுக்கென நிலையான நிதி உருவாக இரண்டாம் உலகப்போர் வரவேண்டியிருந்தது. அதில் தமிழர் ஒருவரின் பங்கு முதன்மையானது. வைசிராய் அவையின் வாணிக உறுப்பினராக இருந்த ஆர்க்காடு இராமசாமி முதலியார், 1940இல் அறிவியல், தொழிலாய்வு வாரியம் அமையக் காரணமானார். சாந்தி சுவரூப் பட்நாகர் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தொழிலாய்வு நிதி ஒதுக்கும் தீர்மானத்தை முதலியார் 1941 நவம்பரில் மைய சட்டமன்றத்தில் நிறைவேற்றுவித்தார். 1942 செப்டம்பரில் அறிவியல், தொழிலாய்வுக் கழகம் தோன்றியது. மார்லி ஒரு மடலில் மூடிய கதவைச் சென்னை நீதிக்கட்சியில் அரசியல் பயின்ற ஒருவர் ஒரு தீர்மானத்தில் திறந்தார்.

முதலியார் 1946இல் மைசூரின் திவானாகப் பதவியேற்றார். 1947 சூலை 26இல் குடிமை, இராணுவ நிலையம் மைசூரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது திவான் அவரே. மர்பி டவுனைச் சுற்றியிருந்த கோடு அன்று மறைந்தது. அடுத்த ஆண்டு பழைய சென்னைச் சாலையின் கிழக்கே இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதே 1948இல் சென்னை அடையாற்றில் மைய தோல் ஆய்வு நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. குரோம் முறையை இந்நாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றதாக்கும் பணி, மார்லியின் மடலால் அறுபட்ட இடத்திலிருந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அங்கே மீண்டும் தொடங்கிற்று.

செம்பியத்தின் அரசுத் தொழிற்சாலை நினைவில் இல்லை. அது கைமாறிய ஆண்டுகளை ஒட்டி, பல்லாவரத்திற்கு அருகே சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர் தனியார் முதலீட்டில் குரோம் தோல் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனியைச் சுற்றி எழுந்த ஊர் குரோம்பேட்டை.